புறப்பட்டுப் போனவர்களின் கதை

டிசம்பர் வந்தால் திருவனந்தபுரத்தில் திரைப்பட விழா. தம்பானூர் கைரளி திரையரங்க வாசலில், கழுத்தில் அடையாள அட்டையுடன் இளைஞர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். 'நமக்கென்ன அங்கே வேலை?' என்று சாலைக் கடைத்தெருவுக்கு நடையைக் கட்டிவிடுகிறோம். அங்கே நமக்கும் வேலை உண்டு என்பதே என் கருத்து.

2012 விழாவில் சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரம் விருதைப் பெற்றது 'சாண்டா நீனா' என்ற பிலிப்பைன்ஸ் படம். பல ஆண்டுகளுக்கு முன் இறந்த தன் பெண் குழந்தையின் உடலை, எரிமலைச் சேறு மூடிய மண்ணிலிருந்து ஒரு தொழிலாளி தோண்டி எடுக்கிறான். உடல் அழியவில்லை. ஊரார் தெய்வக் குழந்தை என்று கூடிவிடுகிறார்கள். நம் பக்கத்துக் கிராமத்தில் நடந்ததாகச் சொன்னாலும் நம்பலாம்!

பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் நமக்கும் இன்னொரு ஒற்றுமை, பிழைப்புக்காக ஊர் விட்டுப் போவது. செவிலியராக, மாலுமியாக, வீட்டுப் பணிப்பெண்ணாக உலகெங்கும் போகிறார்கள். அந்தப் பிரிவை அவர்களுடைய சினிமா மறைக்கவில்லை. 1995-இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட பணிப்பெண் ஃப்ளோர் கான்டெம்ப்ளேசியனின் கதை அதே ஆண்டில் படமாயிற்று. 2000-இல் வந்த படம் 'அனாக்'. அனாக் என்றால் பிள்ளை. ஹாங்காங்கில் உழைத்துப் பணம் அனுப்பிய தாய் வீடு திரும்புகிறாள்; பெற்ற பிள்ளைகளுக்கே அவள் அந்நியமாகிவிட்டாள். 2019-இல் 'ஹலோ, லவ், குட்பை' ஹாங்காங் பணிப்பெண் ஒருத்தியின் காதலைச் சொன்னது. கனடாவில் நடக்கும் அதன் தொடர்ச்சி, 2024-இல் 100 கோடி பெசோ வசூலைத் தாண்டிய முதல் பிலிப்பைன்ஸ் படம் ஆயிற்று.

'வீட்டுக் கவலையைக் காசு கொடுத்துத் திரையிலும் பார்க்க வேண்டுமா?' என்று கேட்பவர்களுக்கு அந்த வசூலே பதில்.

மலையாளிகளுக்கு 'பத்தேமாரி' (2015), 'ஆடுஜீவிதம்' (2024) உண்டு. நமக்கு? தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் துயரத்தைப் 'பரதேசி' (2013) காட்டியது. அப்படிப்பட்டவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. பல படங்களில் வெளிநாடு என்பது ஒரு பாட்டுக்கான இடம், அவ்வளவுதான். பாரிஸுக்கு அகதியாகப் போன தமிழனின் கதையான 'தீபன்', 2015-இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றது. வசனம் பெரும்பாலும் தமிழ். நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. எடுத்தவரோ பிரெஞ்சுக்காரர்!

இந்தத் திருவனந்தபுரத்தில் ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். அந்த ஊமைப் படத்தின் கதை, இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டத்தில் கூலியாகும் ஒரு சிறுவனைப் பற்றியது. டேனியல் கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1975-இல் மறைந்தது குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில். ஆக, கடல் கடந்தவனின் கதை இந்த ஊருக்குப் புதிதல்ல.

சென்னையில் வெளியாகும் அன்றே தமிழ்ப் படங்கள் இங்கும் வந்துவிடுகின்றன. அவற்றில் கதாநாயகனைப் பார்க்கிறோம், நம்மைப் பார்க்கிறோமா? சாலைக்கு மூட்டையோடு வந்து கடை வைத்த தாத்தாவையும், கரமனை அக்ரகாரத்துப் பாட்டியையும் நம் பேரப் பிள்ளைகள் எதில் பார்க்கப் போகிறார்கள்?

நம் சங்கத்தார் ஆண்டுக்கு ஒரு மாலையாவது 'அனாக்' போன்ற படம் ஒன்றைக் குடும்பங்களுக்குத் திரையிட வேண்டும். படம் முடிந்ததும் பெரியவர்கள் எழுந்து, தாங்கள் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்லட்டும். கேட்டிருக்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை அதைப் படமாக்கமாட்டார் என்று யார் கண்டது?