சாவியை வாங்குமுன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது நாலு காயைப் புரட்டிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்துத்தான் நம் தொழிலாளி வாங்குகிறார். அதே தொழிலாளி, முப்பது ஆண்டுகளாகச் சேமநிதியில் சேர்ந்த பணத்தை எடுத்து, போதாததற்குப் பிள்ளைகளின் பெயரில் வங்கிக் கடனும் எடுத்து ஒரு வீட்டை வாங்கும்போது, அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இது என்ன விந்தை! தானா ராத்தா வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் இக்காட்சியை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அந்தக் கவலை நெஞ்சை அழுத்த, ரிங்லெட் என்றும், தாப்பா என்றும், பீடோர் என்றும், ஈப்போ என்றும் தாமான் வீடுகளைத் தேடி நம்மவர்கள் இறங்குகிறார்கள். அவசரத்தில் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு சுவர் பேசத் தொடங்குகிறது.

வீட்டைப் பரிசோதிப்பது என்றால் நம் மக்களுக்கு வேறொரு பழைய நினைவு வரும். அந்நாளில் தோட்டத்து லயங்களுக்கு டிரசர் வருவார். சில வேளை துரையே வருவார். கால்வாய் சுத்தமாக இருக்கிறதா, அடுப்பங்கரையில் குப்பை கிடக்கிறதா, கோழியை எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து பெருக்கி வைத்துவிட்டு, குற்றவாளிகளைப் போல் வாசலில் நிற்பார்கள். பரிசோதிக்கப்பட்டது வீடா? இல்லை, வீட்டில் இருந்த மனிதர்கள்! கூரை ஒழுகுகிறது என்று அந்த நேரத்தில் சொல்லத் துணிந்தவர்கள் எத்தனை பேர்? தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1990இல் மற்றொரு சட்டமும் வந்தன. சட்டம் வந்தாலும், வீட்டில் குறை சொன்னால் அது நன்றி கெட்ட செயல் என்னும் எண்ணம் நம் எலும்பில் ஊறிவிட்டது. சொந்தப் பணத்தில் வீடு வாங்கும் இந்நாளிலும் அந்தக் கூச்சம் நம்மை விடவில்லை என்பதே நம் கருத்து.

இப்பொழுது நாம் சொல்லும் பரிசோதனை அதற்கு நேர் எதிரானது. இங்கே வாங்குகிறவர் பார்க்கிறார்; விற்கிறவர் பதில் சொல்கிறார். கட்டடம் தெரிந்த ஒருவர் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்து, படம் எடுத்து, எழுதிக் கொடுப்பார். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் வேலைத் தரத்திற்கென்று வகுத்திருக்கும் அளவுகளை அளவுகோலாக வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. சிறிய வீட்டுக்கு இதற்கு ஆகும் செலவு சில நூறு வெள்ளி. பெரிய தொகைதான்; ஆனால் கிரகப்பிரவேச விருந்துக்கு நாம் செலவிடுவதைவிடப் பெரியதல்ல.

அப்படிப் பார்த்தால் என்ன தெரியும் என்று தோழர்கள் கேட்கலாம். நிறையத் தெரியும். பூச்சில் தலைமுடி போல ஓடும் கீறல் ஒன்று. அது பூச்சு காய்ந்ததால் வருவது, பெரும்பாலும் பயமில்லை. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, காசு நுழையும் அளவுக்கு வாய் திறந்திருக்கும் வெடிப்பு வேறு. செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல இறங்கும் வெடிப்பும் வேறு. அடியில் மண் ஒரு பக்கம் அமிழ்கிறது என்று அவை நமக்குச் சொல்லக்கூடும். தரை டைல்களை ஒரு கோலால் தட்டிக்கொண்டே நடந்தால், சிமெண்டு சரியாக நிரம்பாத இடம் வெற்றுத் தகரம் போல் ஒலிக்கும். நாளை அந்த டைல்தான் மேலெழும்பி உடையும். குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நீர் வடிகாலை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால், சரிவு தவறாக வைத்திருக்கிறார்கள். மேல் மாடிக் குளியலறை என்றால் வடிகாலை அடைத்து, ஒரு நாள் முழுதும் நீரைத் தேக்கி வைத்து, கீழே சீலிங்கில் ஈரம் படிகிறதா என்று பார்ப்பார்கள். மெயின் சுவிட்சுப் பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவிக்கு ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த வீட்டில் ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லை. கூரைக்குள் ஏறிப் பார்த்தால் விலகிய ஓடும், அடிவாரத்து வீடுகளில் கறையான் தின்ற மரமும் கண்ணுக்குப் படும். புதுச் சாயம் அடித்த பழைய வீட்டை இரட்டைக் கண் கொண்டு பார்க்க வேண்டும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால், ஏன் என்று கேட்காமல் வரக்கூடாது.

நம் மலையில் இது மட்டும் போதாது. தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழைக்குப் பஞ்சமில்லை, சரிவில்லாத இடமோ அரிது. இங்கே வீட்டைப் பார்க்கும் முன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணைப் பார்க்க வேண்டும். மண் தாங்கும் சுவரில் நீர் கசியத் துளைகள் இருக்கின்றனவா? அவை அடைபட்டிருக்கின்றனவா? மேலே உள்ள கால்வாய் வெடித்திருக்கிறதா, அதைத் துப்புரவு செய்வது யார்? சரிவில் நிற்கும் மரங்களும் விளக்குக் கம்பங்களும் சாய்ந்திருக்கின்றனவா? மேலே காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கொட்டகைகள் இருந்தால், அவற்றின் மழைநீர் எங்கே போய் விழுகிறது? வெயில் நாளில் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறு நாள் காலையில் போகும்படி நாம் சொல்வோம்.

இது வீண் பயமுறுத்தல் அன்று. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி கோலாலம்பூருக்கு அருகே உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். அங்கே குடியிருந்தவர்கள் ஏழைகள் அல்லர். படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். கட்டடத்தின் பின்னால் இருந்த குன்றும், அதன் வடிகாலும், தாங்கு சுவர்களுமே அவர்களுக்கு எமனாயின. பின்னர் வழக்கு நடந்தது. நகராண்மைக் கழகம் நட்ட ஈடு தர வேண்டியதில்லை என்று 2006இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்க அலுவலகம் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறதே, நாம் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் இத்தீர்ப்பை எண்ணிப் பார்க்கட்டும். நம் மலையிலேயே, 2011 ஆகஸ்டு 7ஆம் தேதி பிரிஞ்சாங்குக்கு அருகே சுங்கை ரூயில் பூர்வகுடி மக்கள் கிராமத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின.

சுவரையும் சரிவையும் பார்த்தாயிற்று, பத்திரத்தைப் பார்த்தோமா? கேமரன் மலையில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருக்கும் நிலங்கள் பல. அந்த உரிமம் குறுகிய காலத்துக்கு உரியது. மற்றொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அந்த நிலத்தில் உள்ள வீட்டை யாராவது 'விற்றால்', வாங்கியவர் கையில் மிஞ்சுவது கடுதாசி மட்டுமே. தானா ராத்தாவிலேயே நில அலுவலகம் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டினால் நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, தடை உண்டா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே தெளிவாக்க வேண்டும். பழைய வீடு வாங்கும்போது வங்கி ஓர் ஆளை அனுப்புகிறது. அவர் வந்து அளந்து பார்க்கிறார். உடனே, "வங்கியே பார்த்துவிட்டது, இனி என்ன?" என்று நம்மவர்கள் நிம்மதி அடைகிறார்கள். அவர் விலை மதிப்பீட்டாளர். கடன் திரும்பாவிட்டால் இந்த வீட்டை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்று பார்ப்பதே அவர் வேலை. அதற்கான கட்டணத்தை நாமே கொடுத்தாலும், அவர் பார்ப்பது வங்கியின் கண்களால்.

புதிய வீடு வாங்குகிறவர்களுக்குச் சட்டம் ஓர் ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது. தீபகற்பத்தில் உரிமம் பெற்ற வீடமைப்புக் கம்பெனி விற்கும் வீட்டுக்கு, சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறைகளுக்கு அக்கம்பெனியே பொறுப்பு. நாம் எழுத்தில் தெரிவித்தால் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரி செய்து கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. பலருக்கு இது தெரியாது. வீட்டு விலையில் ஐந்து விழுக்காடு உடனே கம்பெனியின் கைக்குப் போவதில்லை, வழக்கறிஞரிடம் நிற்கிறது. எட்டாம் மாத முடிவில் பாதி, 24ஆம் மாத முடிவில் மீதிப் பாதி என்றுதான் கம்பெனிக்குப் போகும். 250,000 வெள்ளி வீடு என்றால் அது 12,500 வெள்ளி. குறையைப் பழுது பார்க்காத கம்பெனியிடமிருந்து செலவை வாங்க அந்தப் பணம் ஒரு பிடி. சாவி வாங்கியவுடன் பரிசோதித்து, எட்டு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவருக்கு முழுப் பிடி. காலம் கடத்தியவருக்குப் பாதிப் பிடி. வாயால் சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு ஒன்றுமில்லை.

நாம் அறிந்த ஒரு குடும்பம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அடிவாரத்துத் தாமான் ஒன்றில் மாடி வீடு வாங்கினார்கள். சாவி கிடைத்த வாரமே பால் காய்ச்சி, சமையலறையை இடித்துப் பெரிதாக்கி, குளியலறைக்குப் புது டைலும் போட்டார்கள். ஆறாம் மாதம் மேலே குளித்தால் கீழே சீலிங் நனைந்தது. கம்பெனி ஆளைப் பார்க்கும்போதெல்லாம் சொன்னார்கள். "வந்து பார்க்கிறோம்" என்று அவரும் சொன்னார். இரண்டு வருடமும் மூன்று மாதமும் கழிந்தபின் கடிதம் எழுத வேண்டும் என்று நம்மிடம் வந்தார்கள். எழுத்தில் ஒரு வரி இல்லை. போதாததற்கு, "நீங்கள் டைலை மாற்றியதால்தான் ஒழுகுகிறது" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இடிப்பதற்கு முன் ஒரு பரிசோதனை அறிக்கை இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.

இரண்டாம் கை வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இருக்கிற நிலையில் எடுத்துக்கொள் என்பதே அங்கே வழக்கம். ஆகவே, பரிசோதனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நடக்க வேண்டும். அறிக்கை கையில் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பழுது பார்த்துக் கொடு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். வேண்டாம் என்று திரும்பியும் வரலாம். "கேள்வி கேட்டால் வேறொருவன் வாங்கிக்கொண்டு போய்விடுவான்" என்று தரகர் அவசரப்படுத்துவார். அது முழுப் பொய்யும் அல்ல. நல்ல வீடுகள் கைநழுவிப் போவதும் உண்டுதான். இந்த நெருக்கடி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் வீட்டுப் போட்டி கடுமையான ஆண்டுகளில், பரிசோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டத்தின் வழியே, அப்படி விட்டுக்கொடுக்கும்படி வாங்குகிறவரை நிர்ப்பந்திப்பதைத் தடுக்க வேண்டியதாயிற்று.

பரிசோதகர் கடவுள் அல்லர் என்பதையும் சொல்லிவிடுவோம். மூடிய சுவருக்குள்ளும் அஸ்திவாரத்துக்கு அடியிலும் அவரால் பார்க்க முடியாது. அட்டை அச்சடித்தவரெல்லாம் கட்டடம் தெரிந்தவரும் அல்லர். என்ன படித்தார், எங்கே வேலை செய்தார் என்று கேளுங்கள். விற்பவரோ தரகரோ அனுப்பும் ஆளை மட்டும் ஏற்காதீர்கள்.

தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவர்களின் நிலை இதனினும் கொடிது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அவற்றின் தொழிலாளர்கள் 1990களின் பிற்பகுதியில் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். வெடித்த சுவர்களுக்குள் அக்குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, தரை வீடு கேட்டுப் போராட வேண்டி வந்தது. குடியேறுமுன் அவர்கள் சார்பில் கட்டடம் தெரிந்த ஒருவர் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் போராட்டத்துக்கு முதல் நாளிலேயே ஒரு சாட்சி கிடைத்திருக்கும் அல்லவா?

ஆகவே, இதைத் தனித்தனிக் குடும்பத்தின் தலையில் விட்டுவிடக் கூடாது. ஒரே தாமானில் பத்துப் பேர் வாங்கினால், பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பரிசோதகரை அமர்த்தட்டும். கட்டணமும் குறையும், பத்து வீட்டிலும் ஒரே குறை இருந்தால் கம்பெனியின் வாயும் அடங்கும். தோட்டக் கமிட்டி இதை ஏற்று நடத்தலாம். கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அதற்குத்தான் கிராணிகள் நாம் இருக்கிறோம். அறிக்கையை இணைத்து, தேதி போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் கோப்பில் வைப்பது நமக்கு அன்றாட வேலை. முப்பது நாளில் பதில் இல்லையென்றால், 2002இல் ஏற்பட்ட வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம்; பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை; மனுக் கட்டணம் 10 வெள்ளி. பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போக வேண்டும். அடுத்த சம்பள நாளுக்குள், சாவி வாங்கி இரண்டு வருடம் ஆகாத தோழர்கள் தங்கள் ஒப்பந்தத்தையும் சாவி பெற்ற தேதியையும் கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்து வைக்கட்டும். எட்டு மாதம் நெருங்கியவர்களின் வீடுகளை முதலில் பார்ப்போம்.