யார் பெயரில் வெளியாகிறது உங்கள் இணையத்தளம்?

பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ, கணினி மாணவர்களின் குழுப்பணியில் ஓர் இணையத்தளம் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதை வெளியிடப் பலரும் வெர்சல் போன்ற சேவைகளை நாடுகிறோம். கட்டளைத் திரையில் 'வெர்சல்' என்று தட்டி, கேட்கும் சில கேள்விகளுக்கு எண்டர் அழுத்தினால் போதும், முகவரி கையில்! காணொளிப் பாடங்கள் பலவும் அத்துடன் முடிந்துவிடுகின்றன. எந்தக் கட்டளையோடும் சேர்த்து எழுதக்கூடிய பொதுத் தெரிவுகளைப் பற்றி அவை பேசுவதே இல்லை.

அவற்றுள் 'ஸ்கோப்', 'டோக்கன்' இரண்டையும் வெளியிடும் கட்டளைக்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

'ஸ்கோப்' எந்தக் கணக்கின்கீழ் வேலை நடக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ் மன்றத்தின் இணையத்தளத்தை ஒரு மாணவர் தம் சொந்தக் கணக்கில் வெளியிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பட்டம் பெற்றுச் சென்றபின் நிகழ்ச்சித் தேதியை மாற்றுவதற்குக்கூட அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். குழுவின் பெயரை 'ஸ்கோப்' தெரிவில் தந்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

'டோக்கன்' இன்னும் முக்கியம். அது கடவுச்சொல்லுக்கு நிகரானது. குழுவில் ஒருவர் தம் டோக்கனை வாட்ஸ்அப்பில் அனுப்ப, மற்றவர்கள் அதை அப்படியே கட்டளையில் ஒட்டிக்கொள்வது வசதிதான். ஆனால், தட்டிய கட்டளைகள் கணினியின் வரலாற்றுக் கோப்பில் பதிகின்றன. ஆய்வுக்கூடக் கணினியில் உங்களுக்குப் பின் அதே கணக்கில் உட்காருபவர் மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் டோக்கன் திரையில் வந்து நிற்கலாம். அதைக் கொண்டு உங்கள் மற்ற தளங்களிலும் அவர் கைவைக்க முடியும்.

சொந்தக் கணினியில் லாகின் செய்தாலே போதும், டோக்கன் தேவையில்லை. தானியங்கி வெளியீட்டுக்குத்தான் அது வேண்டும். அப்போதும் கிட்ஹப்பின் 'சீக்ரெட்ஸ்' பகுதியில் அதை வைத்து, கட்டளையில் மாறியின் பெயரை மட்டும் எழுதலாம். உருவாக்கும்போதே காலாவதித் தேதியும் குறித்துவிடுங்கள். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், வாட்ஸ்அப் செய்தியை அழிப்பதால் பயனில்லை. டோக்கனையே ரத்து செய்ய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை: சுருக்கமாக எழுதும்போது ஆங்கிலச் சிறிய 'டி' டோக்கனைக் குறிக்கும், பெரிய 'டி' குழுவைக் குறிக்கும்! குழுப்பணியில் சுருக்கெழுத்தைத் தவிர்த்து முழுச் சொல்லையே எழுதுவது நல்லது. அடுத்து வருபவருக்கும் புரியும்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'ஹெல்ப்' என்ற தெரிவு முழுப் பட்டியலையும் காட்டும். 'ஹூ ஆம் ஐ' என்ற கட்டளை, எந்தப் பயனராக நுழைந்திருக்கிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடும். ஆய்வுக்கூடக் கணினியில் வெளியிடும் முன் அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள். திரையில் வருவது வேறொருவர் பெயராக இருந்தால், முதலில் லாக்அவுட் செய்யுங்கள்.