திருப்பூர் படுத்தால் கிளாவரை மட்டும் ஏன் சுமக்கணும்?



"ஊர்ல வேலை இல்லேன்னா டவுனுக்குப் போய்ப் பிழைச்சுக்குவான்" என்று மேலே இருப்பவர்கள் லேசாகச் சொல்கிறார்கள். அது நல்ல காலத்துக் கணக்கு. போகிற இடத்தில் வேலை இருந்தால்தானே ஆள் கிளம்புவான்? மந்தம் வந்தால் புதிதாகப் போகிறவன் நின்றுவிடுவான், போனவனும் மூட்டையோடு திரும்புவான்.

2008-ல் அமெரிக்காவில் வங்கி விழுந்தது, திருப்பூரில் பனியன் ஆர்டர் குறைந்தது. 2020 ஊரடங்கில் லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் சேர்ந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது, மறுபடியும் பனியனுக்கே அடி.

திரும்பி வந்தவனுக்குச் சோறு போடுவது யார்? பூண்டும் உருளைக்கிழங்கும் போட்ட நம்ம காடுதான். நாலு பேர் செய்த வேலையை ஆறு பேர் செய்தால் விளைச்சலா கூடும்? பங்குதான் குறையும். கூலிக்காரனுக்குக் கூலி இறங்கும்.

இதற்குத்தான் 2005-ல் வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2020-ல் ஆள் திரும்பியபோது மத்திய அரசு கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் 125 நாள் என்கிறது. ஆனால் மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று டில்லி முன்கூட்டியே அளந்துவிடும். மிஞ்சினால் மாநிலத்தின் தலையில். மந்தம் சொல்லிக்கொண்டா வரும்?

ஆள் திரும்பும் வருடத்தில் நிதியும் ஏறணும். கேட்ட 15 நாளில் வேலை, இல்லையேல் வேலையில்லாப் படி! வாயால் கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். மனு எழுதிக் கொடுங்கள், தேதி போட்ட ரசீது வாங்குங்கள். கிராம சபைக்குத் திரண்டு வாருங்கள்!