இரைச்சலை அளக்காமல் எரிமலையைக் கேட்க முடியாது

இத்தாலியின் நேப்பிள்ஸ் அருகே, கேம்பி ஃப்ளெக்ரே எரிமலைப் பகுதியின் ஆபத்து வளையத்துக்குள் ஏறத்தாழ 5 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். 1982–84இல் அங்குள்ள பொட்சுவோலி நகரத்தின் தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் மறுபடியும் உயர்கிறது. 2024 மே 20 அன்று 4.4 அளவுள்ள நிலநடுக்கம் ஊரையே தெருவுக்கு விரட்டியது.

அவ்வளவு பெரிய குலுக்கலை அறியக் கருவியே வேண்டாம். ஆய்வாளர்கள் தேடுவது பொடி நடுக்கங்களை. ரயிலும் லாரியும் தொழிற்சாலையும் தரையில் எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் 1 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. பொடி நடுக்கங்களின் அலைகளும் அதே வரம்பில்தான் வருகின்றன. சந்தைக்குள் ரகசியம் பேசுவதுபோல. 2020 ஊரடங்கின்போது பல இடங்களில் இந்த மனித இரைச்சல் 50 சதவீதம் வரை குறைந்ததை நிலநடுக்கமானிகள் காட்டிக்கொடுத்தன.

ஆகவே, ‘பகலில் நடுக்கம் குறைவு’ என்ற கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. குறைந்தது நடுக்கமா, கருவியின் செவியா?

ஒவ்வொரு நிலையத்திலும் இரவு, பகல், விடுமுறை நாள் என்று இரைச்சலை அளந்தால்தான் எவ்வளவு சிறிய நடுக்கம் நழுவிப்போகிறது என்பது தெரியும். எரிமலைகள்மீதே அமைந்த நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இரைச்சலைத் தவிர்க்கச் சில கருவிகளை ஆழ்துளைக்குள் இறக்கியிருக்கிறார்கள். செலவு அதிகம்தான், ஆனால் நியாயமான செலவு. நடுக்கப் பட்டியலை வெளியிடும் அமைப்புகள், அன்றைய இரைச்சல் அளவையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.