தவறினால் தாங்குவது யார்?

தலையில் முடி நடப் போகிறவர் எத்தனை முடி நடுவார்கள் என்று கேட்கிறார். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் எத்தனை மாதம் நிற்கும் என்று கேட்கிறார். விலையை இருவருமே கேட்கிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சுத் திணறினால் இந்த அறையில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கேட்பவரைக் காண்பது அரிது. அழகுச் சிகிச்சை பற்றிய நம் பேச்செல்லாம் முகம் எப்படி வரும் என்பதையே சுற்றிச்சுற்றி வருகிறது. விளம்பரங்கள் 'முன்', 'பின்' என்று இரண்டு படங்களை ஒட்டிவைப்பதும் அதனால்தான். எல்லாம் சரியாக நடக்கிற நாளில் நல்ல மையமும் மோசமான மையமும் ஒன்றுபோலவே தெரியும். ஏதோ ஒன்று தவறிப்போகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் இரண்டும் பிரிந்து நிற்கும். எங்கே போவது, யாரிடம் போவது, போகத்தான் வேண்டுமா என்ற மூன்றையும் அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர். சிகிச்சை நடந்த இடம் அழகு நிலையத்துக்கான உரிமத்தில் இயங்கியது பிறகு தெரியவந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவருக்கே இது புலப்படவில்லை என்றால், மற்றவர்களைப் பார்த்து 'விசாரிக்காமல் போனது உங்கள் தப்பு' என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? 2022-இல் பெங்களூரில் கொழுப்பை நீக்கும் அறுவைக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை, உடல்நிலை மோசமானபின் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டும் பிழைக்கவில்லை. கான்பூரில் பல் மருத்துவம் படித்த ஒருவரிடம் முடி நட்டுக்கொண்ட இரண்டு பொறியாளர்கள், 2024 நவம்பரில் ஒருவரும் 2025 மார்ச்சில் ஒருவருமாக, சில மாத இடைவெளியில் இறந்தார்கள். வழக்குகள் எப்படி முடிந்தாலும் சரி, தாமாக விரும்பி, நடந்து போய்ப் படுத்தவர்கள் இவர்கள், நோயாளிகள்கூட இல்லை.

முடி நடுவது பார்லர் வேலை மாதிரித் தோன்றுவதற்குக் காரணம், அதில் பெரிதாகக் கத்தி வைப்பதில்லை. ஆளை முழு மயக்கத்தில் ஆழ்த்துவதுமில்லை. ஆனால் அது ஆறு, எட்டு மணி நேரம் நீளக்கூடிய வேலை. அத்தனை நேரமும் தலை மரத்துக் கிடக்க லிக்னோகெய்ன் போன்ற மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். உடல் எடையைப் பொறுத்து அந்த மருந்துக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினாலோ, தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ முதலில் நாக்கும் உதடும் மதமதக்கும், காது இரையும். பிறகு வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். அந்த நிலையிலும் ஆளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஆக்சிஜன் வேண்டும், சிரை வழியாக ஏற்றும் கொழுப்புக் கரைசல் வேண்டும், மூச்சுக்குழாயில் குழாய் வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் வேண்டும். பல மலிவுத் தொகுப்புகளில் முதலில் கழித்துக்கட்டப்படுவது இவைதான். விலை குறைந்தது எதனால் என்பது ரசீதில் வராது.

ஊசிகளின் கதை இன்னும் நுட்பமானது. உதட்டை, கன்னத்தை, மூக்கைத் திருத்தப் போடும் ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலுரானிக் அமிலக் களிம்பு. தோலுக்கடியில் தங்க வேண்டிய அது ரத்தக்குழாய்க்குள் நுழைந்தால், அடைபட்ட பகுதி வெளுத்து, வலித்து, கடைசியில் கருகி உதிரும். புருவ மத்தியிலும் மூக்கிலும் உள்ள நுண்தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு தொடர்புள்ளவை. அந்த வழியே களிம்பு பின்னோக்கித் தள்ளப்பட்டால் பார்வை போய்விடும். விழித்திரை ரத்தமில்லாமல் தாக்குப்பிடிக்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இல்லை என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. ஹயலுரானிடேஸ் என்ற நொதி இந்தக் களிம்பைக் கரைக்கும். ஃபில்லர் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்த நிறமாற்றத்தைக் கண்டால் போட வேண்டும் என்று தெரிந்த கண்ணும் அங்கே இருக்க வேண்டும். பார்வை விஷயத்தில் இந்த நொதியும் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஆகவே 'கரைக்கும் மருந்து வைத்திருக்கிறீர்களா?' என்ற கேள்வி சங்கடமானதாகத் தோன்றினாலும் கேட்டே ஆக வேண்டியது. அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம். திரவ சிலிக்கோன் போன்றவற்றைக் கரைக்க மருந்தே கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

போடாக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது பாட்டுலினம் நச்சு. ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணுக்கு மருந்தாக அதை வளர்த்தெடுத்தார். 1989-இல் கண் கோளாறுகளுக்கும் 2002-இல் புருவ மத்திச் சுருக்கத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவு சரியாக இருந்தால் தசையைத் தளர்த்தி, மூன்று நான்கு மாதத்தில் வேலை முடிந்து போய்விடும் மருந்து. அளவு தவறினால், அல்லது சரக்கே போலியானால்? 2024 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட கணக்கு: 11 மாநிலங்களில் 22 பேருக்குப் பாதிப்பு, அவர்களில் 11 பேர் மருத்துவமனையில். உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடம், அல்லது வீடு, ஸ்பா போன்ற இடங்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்; சிலருக்குப் போட்டது போலிச் சரக்கு என்பதும் உறுதியானது. கண்காணிப்பு மிகுந்த நாட்டிலேயே இது நடந்தது. குப்பி நம் கண்முன் திறக்கப்பட வேண்டும், பெயரும் தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் நம் கோப்பில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது சந்தேகப்புத்தி ஆகாது. பின்னால் ஏதாவது ஆனால் சிகிச்சை தரப்போகும் இன்னொரு மருத்துவருக்கு முதலில் தேவைப்படும் தகவல் அது.

நம் ஊரில் இதைவிட அதிகம் விலைபோவது வெளுப்பாகும் ஆசை. கல்யாணத்துக்கு முன் ஆறு தடவை, எட்டு தடவை என்று தொகுப்பாக விற்கப்படும் குளுட்டாதயோன் ஊசியைப் பற்றித்தான் சொல்கிறேன். இந்தியாவில் அது கல்லீரல் நோய்களுக்கான ஊசி மருந்து. நிறத்தை மாற்றுவதற்கு அனுமதி பெற்றதல்ல. பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே பழக்கத்தைக் கண்டு, சிறுநீரகமும் கல்லீரலும் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினைகள் வரலாம் என்று பல முறை எச்சரித்திருக்கிறது. மற்றச் சிகிச்சைகளில் பலனையும் ஆபத்தையும் எடைபோட்டுப் பார் என்று சொல்லலாம். இதில் எடைபோடுவதற்குப் பலன் பக்கம் உறுதியாக எதுவும் இல்லை. கறுப்பு ஒரு நோயல்ல என்பதால் மட்டும் இதை எதிர்க்கவில்லை. நோயே என்று வைத்துக்கொண்டாலும் இது அதற்கு மருந்தாக நிரூபிக்கப்படவில்லை.

சரி, யாரிடம் போவது? 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'டிரைக்காலஜிஸ்ட்' என்று பலகையில் இருப்பவை தேசிய மருத்துவ ஆணையம் அங்கீகரித்த சிறப்புப் பட்டங்கள் அல்ல. அங்கீகரிக்கப்பட்டவை பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச்., தோல் மருத்துவத்தில் எம்.டி., அவற்றுக்கு இணையான தேசிய வாரியப் படிப்புகள். 2022-இல் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், முடி நடுதல் உள்ளிட்ட அழகு அறுவைகளை முறையான பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்று சொல்லிவிட்டது. யூடியூப் என்று பெயரிட்டுச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை இருந்திருக்கிறது. முகம், தாடை அறுவையில் முதுநிலை படித்த பல் மருத்துவர்கள் தங்களுக்கும் உரிமை உண்டு என்கிறார்கள். அந்த எல்லைச் சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது ஊசியைப் பிடிக்கப்போகிறவரின் பெயரும் பதிவு எண்ணும். ஆலோசனை சொன்ன மருத்துவர் ஒருவர், ஊசி போடுவது உதவியாளர் என்றால் ஆலோசனை சொன்னவரின் பட்டம் நமக்கு உதவாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் மையங்கள் உண்டு. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது வேறு. செய்யப்போவது என்ன, அதன் பலனும் ஆபத்தும் என்ன, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் போதிய அளவு சொல்லப்பட்ட பிறகு தருவதே ஒப்புதல். ஒரு சிகிச்சைக்குத் தந்தது இன்னொன்றுக்குச் செல்லாது. 'இன்றைக்கே பணம் கட்டினால் பாதி விலை' என்ற சலுகையோடு இந்தத் தீர்ப்பு ஒத்துப்போகவே முடியாது. வெடித்த குடல்வாலுக்கு அவகாசம் கிடையாது. மூக்கு வளைவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு. சிகிச்சை தேவையில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பத் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் அவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லலாம். கண்ணாடியில் இல்லாத குறையைத் தேடித்தேடிப் பார்ப்பது ஒரு மனநலச் சிக்கலாகவும் இருக்கக்கூடும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இவ்வளவு எதற்கு, இருக்கிற முகத்தோடு இருந்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தங்கள் முகத்துக்கு அவர்கள் அப்படி முடிவு செய்துகொள்ளலாம். 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைத் திருத்தும் அறுவை ஏழைகளுக்கும் இலவசம் என்று அரசு அறிவித்தபோது எழுந்த கேலியை நினைத்துப் பார்த்தால் தெரியும்: பணக்காரர் செய்தால் விருப்பம், ஏழை செய்தால் வீண் செலவு என்பதுதான் அந்தக் கேலியின் உள்ளர்த்தம். இந்த ஏளனத்துக்கு ஒரு விளைவும் உண்டு. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல், விடுமுறை நாளில் தனியாகப் போய்வருகிறார்கள். இரவில் உதடு வெளுத்து வலித்தாலும் வெளியே சொல்லக் கூசி விடியும்வரை காத்திருக்கிறார்கள். மேலே சொன்னபடி ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், அந்தக் கூச்சம் தோலின் ஒரு பகுதியையே கொண்டுபோய்விடும்.

படித்த மருத்துவரிடமும் தவறு நடக்கிறதே என்பது வலுவான மறுப்பு. நடக்கிறது. கொழுப்பை எடுத்துப் பின்புறத்தில் ஏற்றும் அறுவையில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கக்கூடும் என்று 2018-இல் எச்சரித்தது பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் பன்னாட்டுக் கூட்டுக் குழுதான். கொழுப்பு தசைக்குள் உள்ள பெரிய சிரைகள் வழியே நுரையீரலுக்குப் போவதே காரணம் என்று கண்டு, தசைக்குள் ஏற்றக் கூடாது என்று முறையை மாற்றச் சொன்னார்கள். பிரிட்டனின் அழகு அறுவையாளர் சங்கம் அந்த அறுவையையே செய்ய வேண்டாம் என்று அப்போது தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. பட்டம் பெற்றவரிடமும் மரணம் நேரும். ஆனால் அங்கே அதை எண்ணுகிறார்கள், காரணம் தேடுகிறார்கள். பார்லரின் பின்னறையில் நடப்பதை எண்ணுவார் இல்லை.

எல்லாவற்றையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுவதா, அரசு எதற்கு இருக்கிறது என்று கேட்டால் அதை மறுக்க மாட்டேன். ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்கு ஒரு பால்பாயின்ட் பேனா வாங்குபவரைவிட அதிகப் பாதுகாப்பு இல்லை என்று பிரிட்டனில் 2013-இல் கியோ என்பவர் தலைமையிலான ஆய்வு எச்சரித்தது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக போடாக்ஸ், ஃபில்லர் போடுவது இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டது 2021-இல்தான். அந்த எட்டு ஆண்டுகள் நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997 முதல் இருக்கிறது. பதிவுச் சான்று வாங்காமல் கிளினிக் நடத்தக் கூடாது. ஊசி போடும் ஒவ்வொரு அழகு மையமும் இந்தப் பதிவின்கீழ் வர வேண்டும். சிகிச்சை செய்பவரின் பெயர், பதிவு எண், அவசரத்தில் ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்ட மருத்துவமனையின் பெயர் ஆகிய மூன்றையும் வாசலில் எழுதி வைக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். ஆய்வுக்குப் போகிற அதிகாரி கரைக்கும் மருந்தும் ஆக்சிஜனும் இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பலகை வரும்வரை, அதில் இருக்க வேண்டிய மூன்று விவரங்களையும் முன்பணம் கட்டுவதற்கு முன் நீங்களே கேளுங்கள்; பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.