மகள் மலையேறப் போகிறாளா?

நம்ம புதுச்சேரியில் மலை ஏது? கடற்கரை நடைதான் பழக்கம். காலேஜ் படிக்கும் பெண், "குரங்கணி மலைக்குப் போறேம்மா" என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். தடுக்காதீங்க, நாலு கேள்வி கேளுங்க.

எந்த மாசம்? மாசி, பங்குனி வேண்டாம். புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாய்ப் பாயும். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீ 23 உயிரைக் கொண்டுபோனது. பலர் இளம் பெண்கள்.

வனத்துறை அனுமதி உண்டா?

வழிகாட்டி யார்? 2024-ல் தமிழக அரசு வழிகாட்டிகளோடு 40 மலைப்பாதைகளைத் திறந்தது. அதில் ஒன்றாக இருந்தால் நல்லது.

என்ன உடை? நைலான் தீயில் உருகித் தோலில் ஒட்டும். கெட்டிப் பருத்தியே மேல்.

நாலுக்கும் சரியான பதில் வந்தால், புளிசாதம் கட்டிக்கொடுத்து அனுப்பி வையுங்க!