பட்டியல் திறப்பது கண்ணுக்குத் தெரியட்டும்



நம் குடும்ப வம்சாவளியை ஒரு வெப் பக்கமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கொள்ளுத்தாத்தா பெயரைத் தொட்டால் பிள்ளைகள் கீழே வருவார்கள். பிள்ளையைத் தொட்டால் பேரன் பேத்திகள். மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். ரிட்டயர் ஆன பிறகு ஜாவாஸ்கிரிப்ட் படித்து இதைத்தான் செய்தீர்களா என்று சிரிக்காதீர்கள்.

முதலில் அசைவே இல்லாமல்தான் செய்தேன். அனிமேஷன் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். 84 வயது அத்தையிடம் போனைக் கொடுத்தேன். ஒரு பெயரைத் தொட்டதும் சட்டென்று 11 பெயர்கள் முளைத்தன. கீழே இருந்தவை திரையிலேயே இல்லை. "எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்கே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எவ்வளவு சொல்லியும் அன்றைக்கு மறுபடி தொடவில்லை.

கால் விநாடியில் திறக்கும்படி மாற்றி, அடுத்த வாரம் காட்டினேன். "ஓ, கீழ இருக்கறவங்க நகர்ந்து இடம் விடுறாங்க" என்றார். எது எங்கிருந்து வந்தது, இருந்தது எங்கே போனது என்று கண்ணுக்குச் சொல்வதுதான் இந்த அசைவின் வேலை. அதை அலங்காரம் என்பதை இனி நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் செய்வது அவ்வளவு சுலபமில்லை. உயரத்தை 0-விலிருந்து 'ஆட்டோ'வுக்குக் கொண்டுபோ என்றால் சிஎஸ்எஸ் வழக்கமாக அசைத்துக் காட்டாது. அதற்கு எண் வேண்டும். (புதிய பிரவுசர்கள் சிலவற்றில் இதற்கு வழி வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை.) அதனால் உள்ளே இருப்பதன் முழு உயரத்தை ஸ்க்ரோல்ஹைட் மூலம் அளந்து, அந்த பிக்சல் கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் கொடுக்கிறோம். திறந்து முடிந்ததும் மறுபடி 'ஆட்டோ' ஆக்கிவிட வேண்டும். நான் மறந்துவிட்டேன். விளைவு, தம்பி பெயரைத் திறந்தால் அவன் பிள்ளைகளில் மூத்தவள் மட்டும் தெரிந்தாள், மற்ற இருவரும் வெட்டுப்பட்டுப் போனார்கள். வெளிப்பட்டியலின் உயரம் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டதுதான் காரணம். தம்பி கோபித்துக்கொண்டது தனிக்கதை. மூடும்போது இதற்கு நேர்மாறு: இப்போதைய உயரத்தை எண்ணாக எழுதிய பிறகே 0 ஆக்க வேண்டும்.

வேகத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 2006-ல் வந்த ஜேக்வெரியில் ஒன்றும் சொல்லாமல் விட்டால் 400 மில்லி விநாடி. 'ஸ்லோ' என்றால் 600. ஒரு தடவை பார்க்க அழகுதான். நாற்பது பெயரைத் திறந்து பார்ப்பவருக்கு அது எரிச்சல். 250 போதும். அசைவைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் போனிலேயே அசைவைக் குறைத்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

என்னை வெட்கப்பட வைத்தது இன்னொன்று. கண்பார்வை இல்லாத என் பழைய மாணவர் ஒருவர், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க மூடி வச்சிருக்கற பெயரெல்லாம் எனக்குக் கேக்குது. எது திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னுதான் தெரியல." உயரத்தை 0 ஆக்கினால் கண்ணுக்குத்தான் மறைகிறது. மூடி முடிந்ததும் 'ஹிடன்' போட வேண்டும். திறப்பதை உண்மையான பட்டனாக வைத்து அதில் ஏரியா-எக்ஸ்பேண்டட் சேர்க்க வேண்டும். எச்டிஎம்எல்-இலேயே இருக்கும் டீடெய்ல்ஸ், சம்மரி இரண்டையும் முதலிலேயே எடுத்திருந்தால் இதில் பாதி வேலை மிச்சம். ஜாவாஸ்கிரிப்டை அசைவுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஐடி வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, ஒன்றைத் திறந்தால் மற்றது தானாக மூடிக்கொள்ளும்படி தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு சித்தப்பா குடும்பங்களை ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர் என்ன செய்வார்?

அத்தை இப்போது தன் கிளையைத் தானே திறந்து பார்க்கிறார். இரண்டு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று நேற்று கண்டுபிடித்துச் சொன்னார். வேறு யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் இங்கே எழுதாமல் எனக்குப் போன் செய்யுங்கள்.